நோயில்பூசுதல்: குருவானவரை எப்போது அழைப்பது?



கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருளடையாளங்களுள் நோயுற்றோருக்கென்றே அமைந்தது நோயில்பூசுதல். ஆயினும், அதைக் கேட்கப் பல குடும்பங்கள் தயங்குகின்றன. “சாமியாரைக் கூட்டிவந்தால் அப்பா பயந்துவிடுவார்” என்று எண்ணி, நோயாளர் நினைவிழக்கும் வரை காத்திருப்போரும் உண்டு.

இந்த அச்சத்திற்குக் காரணம் பழைய வழக்கமே. தாமிரபரணிக் கரைப் பங்குகளின் பெரியவர்கள் இதனை ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றே அறிந்திருந்தனர். பல நூற்றாண்டுகளாக இது பெரும்பாலும் இறக்கும் தறுவாயில் இருந்தோருக்கே வழங்கப்பட்டது. இது சாகும் நிலையில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என்பதை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதன் வழிபாட்டு முறையைப் புதுப்பித்தார். பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவானது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஆகவே, நம் முதியோர் பலர் பழைய முறையிலேயே வளர்ந்தவர்கள்.

யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், நோயுற்றவரே திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறது. தம் வாயால் அழைக்கவும், மன்றாட்டுக்கு ‘ஆமென்’ என மறுமொழி கூறவும் கூடியவராக நோயாளர் இருப்பதே சிறப்பு.

கடும் நோயுற்றோர், முதுமையால் தளர்ந்தோர், கடும் நோய்க்காக அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர், விவரமறிந்த சிறுவர் ஆகியோர் இதனைப் பெறலாம். நோய் முற்றினாலோ, குணமடைந்தபின் மீண்டும் கடும் நோயுற்றாலோ திரும்பவும் பெறலாம். குருவானவர் தலைமேல் கைவைத்து மன்றாடி, நெற்றியிலும் கைகளிலும் மந்திரித்த எண்ணெய் பூசுவார். இது மருத்துவத்திற்கு மாற்று ஆகாது. துன்பத்தைத் தாங்கும் ஆற்றல், மன அமைதி, பாவ மன்னிப்பு ஆகியவற்றை இது அளிக்கிறது. இறைவன் திருவுளமாயின் உடல்நலமும் கிட்டும் எனத் திருச்சபை நம்புகிறது. இவ்வுலகை விட்டுப் பிரிவோருக்குச் சிறப்பாக உரியது, வழியுணவாக அளிக்கப்படும் நற்கருணையே.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில உள. முதலில் நோயாளரின் விருப்பத்தைக் கேளுங்கள். பின்னர் செவிலியரிடம் சொல்லி ஏற்ற நேரத்தை அறியுங்கள். ஆக்சிஜன் பயன்படும் இடத்தில் மெழுகுதிரி ஏற்றாதீர்கள். விழுங்க இயலாதவருக்கும், அறுவைக்கு முன் உணவு தவிர்ப்பவருக்கும் நற்கருணை வழங்கலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். நினைவிழந்தவர், நினைவோடு இருந்தால் விரும்பியிருப்பார் எனில், அவருக்கும் பூசுதல் வழங்கப்படும். இறந்தவருக்கு அது வழங்கப்படுவதில்லை. அவருக்காகக் குருவானவர் செபிப்பார்.

எனவே, கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். “சாமியாரை வரச்சொல்லவா?” என்று நோயாளரிடம் இன்றே கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கும் அந்தக் கேள்விக்காக அவரே காத்திருக்கக்கூடும்.