பண்பாடு எங்கே இருக்கிறது?

நுழையும்முன்

'இது நம் பண்பாடு', 'இது பண்பாட்டிற்கு ஒவ்வாதது' என்னும் தொடர்கள் வீட்டிலும் மேடையிலும் நாள்தோறும் ஒலிக்கின்றன. மலையையும் ஆற்றையும் காட்டுவது போலப் பண்பாட்டைக் கையால் சுட்டிக் காட்ட இயலுமா? இயலாதெனில், அது மெய்யாகவே உண்டா? இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

வாசலில் ஒரு சொல்

பள்ளிக்குப் புறப்படும் சிறுமி வாசலில் நின்று, "பாட்டி, போறேன்" என்கிறாள். உள்ளிருந்து உடனே குரல் வருகிறது: "போறேன்னு சொல்லாதம்மா, போயிட்டு வரேன்னு சொல்லு." சிறுமி திருத்திச் சொல்லிவிட்டு ஓடுகிறாள்.

இப்படித்தான் விடைபெற வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. மீறுவோர்க்குத் தண்டனையும் இல்லை. ஆயினும், பிரியும்போது திரும்பி வருதலையும் சேர்த்துச் சொல்வது தமிழர் இல்லங்களில் வழக்கமாக உள்ளது. அதே மக்கள் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது, 'போய் வருகிறேன்' என்று சொல்லாமலே எழுந்து செல்வர். ஓரிடத்தில் சொல்லியே ஆகவேண்டிய சொல், மற்றோரிடத்தில் சொல்லக்கூடாத சொல்லாகிறது. இவ்வேறுபாட்டை எவரும் ஏட்டில் படித்து அறிந்ததில்லை. பார்த்தும் கேட்டும், தவறியபோது திருத்தப்பட்டும் கற்றுக்கொண்டனர்.

சொல்லும் பொருளும்

'பண்பு' என்பது தமிழில் தொன்மையான சொல். திருக்குறளில் 'பண்புடைமை' என்றே ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. 'பண்பாடு' என்பதோ அண்மைக் காலச் சொல். 'கல்ச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக இதனை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாதர் என்பர். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர், உழுது பயிரிடுதலைக் குறிக்கும். தமிழிலும் உழுது எருவிட்டுச் சீர்செய்த நிலத்தைப் 'பண்பட்ட நிலம்' என்பர். தானே அமையாமல் உழைப்பால் உருவாவது என்னும் கருத்து இரு சொற்களுக்கும் பொதுவானது.

மானிடவியல் அறிஞர் எட்வர்டு டைலர் 1871இல் பண்பாட்டிற்கு ஒரு வரையறை தந்தார். சமுதாயத்தின் உறுப்பினர் என்ற முறையில் மனிதர் பெறும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலியவற்றின் முழுத்தொகுதியே பண்பாடு என்பது அதன் சாரம். அவ்வரையறையின்படி பண்பாடு குருதியில் வருவதன்று. வாழும் கூட்டத்திடமிருந்து பெறப்படுவது.

உண்டா, இல்லையா?

இவ்விளக்கத்தால் ஐயம் தீர்ந்துவிடவில்லை. அறிஞர் குரோபரும் குளுக்கானும் 1952இல் பண்பாட்டிற்கு வழங்கிய வரையறைகளைத் தொகுத்தபோது அவை 164 ஆக இருந்தன. அதற்கு முன்பே 1940இல், ராட்கிளிஃப் பிரௌன் என்னும் மானிடவியலார் அடிப்படையையே வினவினார். ஆய்வாளர் நேரில் காண்பவை மனிதர்களின் செயல்களும் அவர்களிடையே நிலவும் உறவுகளுமே. பண்பாடு என்பது அவற்றிலிருந்து பிரித்தெடுத்த கருத்து மட்டுமே என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை மொழியோடு பொருத்திப் பார்க்கலாம். தமிழ் எங்கே இருக்கிறது? அகராதியிலும் இலக்கண நூலிலும் இருப்பவை அதன் பதிவுகளே. பேசுவோரும் கேட்போரும் இல்லையெனில் அது வழக்கொழிந்துவிடும். ஆயினும், 'அவள் வந்தான்' என்று ஒருவர் சொன்னால், இலக்கணம் படிக்காதவர்க்கும் அது பிழையெனத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத விதி, மீறப்படும்போது வெளிப்படுகிறது. பாட்டியின் திருத்தமும் அத்தகையதே. ஆகவே, பண்பாடு உண்டு. பொருளாக அன்று, மனிதர்க்கு இடையே நிலவும் எதிர்பார்ப்பாக உண்டு. அது மனிதரால் நிலைபெறுவதால், மனிதரால் மாறவும் செய்கிறது.

மாறியவை

இன்றைய தமிழர் சமையலறையில் மிளகாய் இல்லாத நாள் அரிது. ஆனால், மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே அது இந்தியாவில் பரவியது. அதற்கு முன்னர் உணவிற்குக் காரம் தந்தவற்றுள் முதன்மையானது மிளகு. புதிதாக வந்த காய்க்கு அப்பழைய பெயரையே அடியாகக் கொண்டு மக்கள் பெயரிட்டனர். வந்தது எங்கிருந்து என்பது மறந்துபோக, அது 'நம் உணவு' ஆயிற்று.

யாருடைய பண்பாடு?

மாற்றம் எப்போதும் இவ்வளவு எளிதாக நிகழ்வதில்லை. இன்று பரதநாட்டியம் தமிழர் பண்பாட்டின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அப்பெயர் உறுதியாக நிலைபெற்றது 1930களில்தான். அதற்கு முன்னர் அது 'சதிர்' என வழங்கிற்று. கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடிவந்த தேவதாசி மரபுப் பெண்களும், அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் அக்கலையைக் காத்துவந்தனர்.

தெரிந்து தெளிவோம்: அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். இவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த உடன்பிறந்தோர்.

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி போராடினார். அவ்வழக்கம் பெண்களுக்கு இழைத்த கொடுமை மறுக்க இயலாதது. 1947இல் அதனைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. வழக்கத்தோடு சேர்ந்து கலையும் அழிந்துவிடக்கூடாது என வாதிட்டார் வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர். 1932இல் இப்பொருள் பற்றி நாளிதழில் சூடான விவாதம் நடந்தது. ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ஆடல் பயின்று, 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். இழிவாகப் பேசப்பட்ட ஆடல் மதிப்பிற்குரிய மேடையை அடைந்தது.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. கலை மேடையேறியபோது, அதைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை இழந்தனர். அம்மரபில் வந்த த. பாலசரசுவதி போன்ற சிலரே உலகப் புகழ் பெற்றனர். ஒரு காலத்தில் 'பண்பாட்டிற்கு இழுக்கு' எனப்பட்ட கலை, மறுகாலத்தில் 'பண்பாட்டின் பெருமை' ஆயிற்று. அப்பெருமையில் அப்பெண்களுக்கு உரிய பங்கு மட்டும் கிடைக்கவில்லை.

கேட்கத் தகுந்த வினா

பண்பாடு பொய்யன்று, ஆனால், 'இது நம் பண்பாடு' என்று சொல்லப்படுபவை எல்லாம் ஆராயாமல் ஏற்கத் தக்கனவும் அல்ல. அது எக்காலம் முதல் வழங்குகிறது, 'நாம்' என்பதில் யார் அடங்குவர், அதனைக் காக்க யார் துன்புற்றனர் என்னும் வினாக்களை எழுப்புவது பண்பாட்டிற்குப் பகையாகாது. நிலம் பண்படுவதும் கிளறப்படுவதால்தான்.

நாளை அச்சிறுமி, "ஏன் பாட்டி அப்படிச் சொல்லணும்?" என்று கேட்கக்கூடும். "நீ திரும்பி வரணும்ல, அதான்" என்பாள் பாட்டி. கேள்விக்கு இப்படி அன்பான விடை ஒன்றைத் தரக்கூடிய வழக்கத்தை அச்சிறுமியும் தன் பேத்திக்குச் சொல்லித் தருவாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் எழுதப்படாத விதியாகப் பின்பற்றப்படும் வழக்கம் ஒன்றனைப் பெரியோரிடம் கேட்டு, அதன் காரணத்தைப் பதிவு செய்க.
2. வேற்று நிலத்திலிருந்து வந்து தமிழர் வாழ்வில் கலந்த உணவுப் பொருள்களைப் பட்டியலிடுக.
3. 'பண்பாட்டைக் காப்பது என்பது அதனை மாறாமல் வைத்திருப்பதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.