கடைக்குப் போகும் முன் நட்சத்திரம் எண்ணுங்கள்

செலாயாங் அடுக்குமாடி வீடுகளில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் ஏர்கோன்தான். புதிதாக வாங்கினால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் லேபிளில் உள்ள நட்சத்திரங்களையும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்ற எண்ணையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் இருந்தால் நல்லது. பழைய ஏர்கோன் என்றால் வடிகட்டியைக் கழுவி, 24 பாகையில் வைத்து, காற்றாடியையும் மெதுவாகச் சுழல விடுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் தெனாகா நேஷனலின் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். 2025 ஜூலை முதல், வார நாட்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிவரைதான் கூடுதல் விலை. சனி, ஞாயிறு முழுவதும் மலிவு. துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் மலிவான நேரத்துக்குத் தள்ளிவைக்க முடிகிறவர்களுக்கு இது லாபம். மாலையெல்லாம் ஏர்கோன் போடும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். முதலில் மைதிஎன்பி செயலியில் ஒரு வாரப் பயன்பாட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு ஆற்றல் சிக்கன ஊக்கத்தொகை பில்லிலேயே கழிகிறது. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்கான கழிவும் கூடும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உற்பத்தியாவதால், மிச்சமாகும் யூனிட் புகையையும் குறைக்கிறது. இந்த மாத பில்லில் அந்தக் கழிவைக் காட்டும் வரியை அவசியம் தேடிப் பாருங்கள்.