வீட்டுக்கு ஒரு பிரிண்டர்: அடக்கம் போட்டு வாங்குவோம்



கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் நமக்குக் காகித வேலை ஓய்வதில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1-ல் இ-வே பில் வந்தது. பில், ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வீட்டு மேஜை வரை வந்துவிட்டன. பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, ஆதார் நகல், ரயில் டிக்கெட் இவையும் உண்டு. ஆகவே அச்சு, நகல், ஸ்கேன் மூன்றையும் ஒன்றாகச் செய்யும் 'ஆல்-இன்-ஒன்' பிரிண்டரை நம்மில் பலர் வாங்குகிறோம். வைஃபை இணைப்பு உள்ள இயந்திரம் என்றால், வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் செல்போனும் அதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம்.

சரக்கு வாங்கும்போது மூட்டை விலையை மட்டும் நாம் பார்ப்பதில்லை. லாரி வாடகை, இறக்குகூலி, கழிவு எல்லாம் சேர்த்துத்தான் அடக்கம் போடுகிறோம். பிரிண்டர் வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்து, இயந்திரத்தின் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். யானையை வாங்குவது பெரிதல்ல, தீனி போடுவதுதான் பெரிது. பிரிண்டருக்குத் தீனி மை.

முதலில் தேவையை எண்ணுங்கள்

மாதம் எத்தனை பக்கம் அச்சிடுகிறோம் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். 500 தாள் கொண்ட பேப்பர் கட்டு எத்தனை மாதம் வருகிறது, ஜெராக்ஸ் கடைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அதில் கலர் எத்தனை, கறுப்பு எத்தனை என்றும் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகைகள்

1. கார்ட்ரிஜ் இங்க்ஜெட்: இயந்திரம் மலிவு, மை விலை அதிகம். சிறிய கார்ட்ரிஜ் சில நூறு பக்கங்களுக்குள் தீர்ந்துவிடும்.

2. இங்க் டேங்க்: பாட்டிலிலிருந்து மையை ஊற்றும் வகை. இயந்திர விலை அதிகம், மை மலிவு. ஒரு கறுப்பு மை பாட்டிலில் பல ஆயிரம் பக்கங்கள் அச்சிடலாம். கலரும் வரும்.

3. கறுப்பு-வெள்ளை லேசர்: இதில் திரவ மை கிடையாது, டோனர் என்ற தூள்தான். மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் காய்ந்து போகாது. எழுத்து தெளிவாக இருக்கும், ஈரம் பட்டாலும் கரையாது. கலர் வராது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை ஐ.எஸ்.ஓ. அளவுப்படி, குறிப்பிட்ட சோதனைத் தாள்களை அச்சிட்டுக் கண்டது. நீங்கள் படமும் பெரிய எழுத்தும் அச்சிட்டால் அவ்வளவு வராது. புது லேசர் இயந்திரத்தோடு வரும் முதல் டோனர் பெரும்பாலும் முழு அளவு இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடக்கக் கணக்கு

கணக்குக்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கார்ட்ரிஜ் இயந்திரம் 5,000 ரூபாய், ஒரு பக்கத்துக்கு மைச் செலவு 4 ரூபாய். டேங்க் இயந்திரம் 13,000 ரூபாய், ஒரு பக்கத்துக்கு 30 பைசா. மாதம் 150 பக்கம் என்றால் மூன்று ஆண்டில் 5,400 பக்கம்.

கார்ட்ரிஜ்: 5,000 + 21,600 = 26,600 ரூபாய்.
டேங்க்: 13,000 + 1,620 = 14,620 ரூபாய்.

வித்தியாசம் 11,980 ரூபாய். விலை மலிவு என்று நாம் நினைத்த இயந்திரம் ஏறக்குறைய 12,000 ரூபாயை விழுங்கிவிட்டது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிகர லாபத்தில் வியாபாரம் செய்பவர் இந்தத் தொகையைச் சம்பாதிக்க 6 லட்ச ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்.

அதே கணக்கை மாதம் 15 பக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டில் 540 பக்கம்தான். கார்ட்ரிஜ் 7,160 ரூபாயில் முடிகிறது, டேங்க் 13,162 ஆகிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே இயந்திரம் பொருந்தாது. உங்கள் வீட்டுப் பக்க எண்ணிக்கையையும், கடைக்காரர் சொல்லும் அன்றைய மை விலையையும் வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். இவ்வளவு குறைவாக அச்சிடுபவர் ஜெராக்ஸ் கடைக்கே போகலாம். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் அங்கே அனுப்பினால் அவை அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடக்கூடும். அதையும் ஒரு செலவாக எண்ண வேண்டும்.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை

வீட்டுப் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். நம் ரவுட்டரில் அது திறந்திருக்க வேண்டும். மாடியில் ரவுட்டர், கீழே பிரிண்டர் என்றால் கேபிள் செருகும் லேன் துளை உள்ள மாடல் நல்லது.

ஆப்பிள் போனுக்கு ஏர்பிரின்ட், ஆண்ட்ராய்டு போனுக்கு மோப்ரியா என்ற பொது முறைகள் உண்டு. இவை இரண்டும் உள்ள பிரிண்டர் என்றால் தனி மென்பொருள் இல்லாமலே அச்சிடலாம். ஒரு நிறுவனத்தின் இணையச் சேவையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கூகுள் கிளவுட் பிரின்ட் என்ற சேவை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இயந்திரம் எப்போதும் இன்டர்நெட்டில் இருக்க வேண்டும், கம்பெனி மை மட்டுமே போட வேண்டும் என்ற நிபந்தனையோடும் சில மாடல்கள் வருகின்றன. பெட்டியில் உள்ளதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுவது பலர் வீட்டில் நடப்பது. ரவுட்டர் அதற்குப் புது எண் கொடுத்துவிடுவதே பெரும்பாலும் காரணம். ரவுட்டரில் பிரிண்டருக்கென ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கச் சொன்னால் இந்தத் தொல்லை தீரும். அப்போதே பிரிண்டரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்கேனரும் கரண்டும்

பத்துப் பதினைந்து பில்களைச் சேர்த்து ஸ்கேன் செய்து ஆடிட்டருக்கு அனுப்புபவர், தாளைத் தானே இழுக்கும் ஏ.டி.எஃப். வசதி கேட்டு வாங்குங்கள். பத்திரம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டு இயந்திரங்களின் கண்ணாடி பெரும்பாலும் ஏ4 அளவுதான். லீகல் அளவுப் பத்திரம் அதில் அடங்காது.

லேசர் இயந்திரம் தூளை உருக்கி ஒட்டவைக்கச் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். அதைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் செருகக் கூடாது. இங்க்ஜெட்டுக்குச் சில பத்து வாட் போதும். மின்வெட்டு அடிக்கடி உள்ள ஊரில் இதுவும் ஒரு கணக்கு.

பில்லும் பராமரிப்பும்

இந்த இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொழிலுக்கும் சொந்த உபயோகத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால், சட்டத்தின் 17(1)-ம் பிரிவுப்படி தொழிலுக்கான பகுதிக்கு மட்டுமே உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். வாரண்டி ஆண்டுக் கணக்கா, பக்கக் கணக்கா, சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, நம் ஊரில் சென்டர் இருக்கிறதா என்று பில் போடுமுன் கேளுங்கள்.

இங்க்ஜெட் வாங்கியவர்கள் வாரம் ஒரு கலர் பக்கமாவது அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் ஊசித் துளை போன்ற வாய்கள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதற்கும் மைதான் செலவாகும். சுவர் சுவிட்சை அணைக்குமுன் இயந்திரத்தின் சொந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். அப்போதுதான் அந்த வாய் மூடியின் கீழ் போய் நிற்கும். டேங்க் இயந்திரத்தை மையோடு சாய்த்துத் தூக்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், கலரும் அதிகப் பக்கமும் தேவைப்படும் வீட்டுக்கு டேங்க். கறுப்பு எழுத்து மட்டும், அதுவும் எப்போதாவது என்றால் லேசர். தேவை மிகக் குறைவு, ஆனால் வாராவாரம் உண்டு என்றால் கார்ட்ரிஜ். கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் மாதப் பக்கம், மை விலை, மூன்றாண்டுச் செலவு மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.