மூன்று சொற்களும் ஒரு கல்லும்

'ரிவீல்', 'டிஸ்கவர்', 'டிஸ்க்ளோஸ்' என்னும் ஆங்கிலச் சொற்களை நான் ஒரே பொருளில் எழுதி வந்தேன். விரிவுரையாளரின் சிவப்பு மை பட்ட பின்னரே வேறுபாடு விளங்கிற்று.

'ரிவீல்' என்பது திரையைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. திரை விலக்கிப் புலப்படுத்துதல் அதன் பொருள். 'டிஸ்கவர்' என்றால், முன்பே இருப்பதை ஒருவர் புதிதாகக் கண்டறிதல். 'டிஸ்க்ளோஸ்' என்றால், பெரும்பாலும், தெரிந்தே மறைத்ததை வெளியிடுதல்.

தாம்பரத்துக்கு அருகிலுள்ள பல்லாவரமே இதற்குச் சான்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் அங்குள்ள சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டார். தோண்டிய குழி கல்லை 'ரிவீல்' செய்தது. அது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்பதைப் பூட் 'டிஸ்கவர்' செய்தார். பார்ப்பது வேறு, கண்டறிவது வேறு அல்லவா?

மூன்றாம் சொல்லுக்கு நானே சான்று. என் தந்தை வியாபாரி என்று வகுப்பு நண்பர்களிடம் கூறி வந்தேன். அவர் திரிசூலம் மலையடியில் கல்லுடைத்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாயிலை மிதித்தது அந்த உழைப்பினால்தான். இதனை இம்மலர் வாயிலாக 'டிஸ்க்ளோஸ்' செய்கிறேன். இம்முறை சொல்லைப் பிழையின்றிக் கையாண்டிருக்கிறேன் என நம்புகிறேன்.