தக்காளிச் சீட்டில் பைத்தான் படிக்கலாம்



ஒற்றைப்படை எண்ணா, இரட்டைப்படை எண்ணா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் நம் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். பிராக்டிகல் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். ஏன்? அந்த விடையை நம்பி யாரும் காத்திருக்கவில்லை. ஒரு கடைக்கு, காலையில் போடும் முதல் பில்லிலிருந்து ராத்திரி கணக்கு முடிப்பது வரை முழு புரோகிராம் எழுதிப் பாருங்கள். அப்போது ஒவ்வொரு பாடமும் எதற்காக இருக்கிறது என்று தானாகப் புரியும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் டேலி. பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கும் ஜவுளி மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் சப்ளை செய்து வந்தார். அவர் கணக்குக்குப் பொருத்தமான சாஃப்ட்வேர் கிடைக்கவில்லை. கணிதம் படித்த அவருடைய மகன் பரத் கோயங்காவே 1986-ல் ஒன்றை எழுதினார். அதுதான் பிற்பாடு டேலி ஆனது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்பா கடைக் கணக்குதான் ஆரம்பம்!

நம் பக்கத்தில் என்ன தொழில் இருக்கிறது? அய்யலூர் தக்காளி இருக்கிறதே! என் மாமா ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். "ஏம்ப்பா, படிக்கிற படிப்புல இந்தச் சீட்டைப் போட முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று ஆரம்பித்தேன். அதில் கற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் பேப்பரில் கணக்கு

ஒரு விவசாயி 12 பெட்டி கொண்டுவருகிறார். ஏலத்தில் 7 பெட்டி 210 ரூபாய் வீதம் ஒரு வியாபாரிக்கும், 5 பெட்டி 195 ரூபாய் வீதம் இன்னொருவருக்கும் போகிறது. 1470 + 975 = 2445 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் 244.50. இறக்குகூலி பெட்டிக்கு 5 வீதம் 60. விவசாயி கையில் சேர வேண்டியது 2140.50. (விலையும் கமிஷனும் பாடத்துக்காக எடுத்துக்கொண்டவை.) கையால் போடத் தெரியாத கணக்கைப் புரோகிராமாக எழுத முடியாது.

2. பேர் போதாது, நம்பர் வேண்டும்

ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருப்பார்கள். ஒருவர் பணம் மற்றவர் கணக்கில் ஏறிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனி நம்பர். புத்தகத்தில் பிரைமரி கீ என்று படித்தோமே, அது இதுதான். அதேபோல் ஒரு லோடு இரண்டு பேருக்கு விற்கிறது. எனவே வரவுக்கு ஒரு டேபிள், விற்பனைக்கு ஒரு டேபிள்.

3. காசை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள்

பைத்தானில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி இரண்டடிமான எண்ணில் கணக்குப் போடுவதால் 0.1-ஐ அதனால் சரியாக வைத்துக்கொள்ள முடியாது. வழி என்ன? எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். 2140.50 என்பது 214050 பைசா.

4. 50 பைசா யாருக்கு?

பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷனில் 2140.5 கொடுத்தால் 2140 வருகிறது. 2141.5 கொடுத்தால் 2142 வருகிறது! சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. மாமா சொன்ன கடை வழக்கமோ, "ஐம்பது பைசான்னா மேல ஏத்திக் கொடு." அதற்கு, பைசாவோடு 50 கூட்டி 100-ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுத்தால் போதும். 214100-ஐ 100-ஆல் வகுக்க 2141. மொழியின் விதி வேறு, கடையின் விதி வேறு. பணம் கொடுக்கும்போது கடையின் விதிதான் செல்லும்.

5. பாதியில் கரண்ட் போனால்?

வியாபாரி கணக்கில் பற்று ஏறிவிட்டது, விவசாயி கணக்கில் வரவு ஏறவில்லை என்றால் வம்பு. எஸ்க்யூலைட்டில் இரண்டையும் எழுதிய பிறகு ஒரே தடவை கமிட் கொடுத்தால், ஏறினால் இரண்டும் ஏறும். இல்லையென்றால் இரண்டும் ஏறாது.

6. ராத்திரி சோதனை

வியாபாரிகள் தர வேண்டிய மொத்தம் = விவசாயிகளுக்குக் கொடுத்தது + கமிஷன் + கூலி - மேலே ஏற்றிக் கொடுத்த சில்லறை. நம் கணக்கில் 2141 + 244.50 + 60 - 0.50 = 2445. சரி! அந்த 50 பைசாவுக்கும் ஒரு வரி இருந்தால்தான் டேலி ஆகும்.

இந்த ஆறு படியில் இஃப், லூப், ஃபங்ஷன், டேபிள் எல்லாம் வந்துவிட்டன. எதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். புரோகிராம் வேலை செய்ய ஆரம்பித்ததும் நோட்டை மூடிவிடக் கூடாது. சில வாரமாவது நோட்டும் கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, இரண்டு விடையும் தினமும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் கடையில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. வெயிலில் பறித்து, வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்தவருடைய காசு அது.

உங்கள் வீட்டில் பால் கணக்கு, மளிகைக் கடை, தையல் கடை எது இருந்தாலும் சரி, ஒன்றை எடுத்து முழுதாக முடியுங்கள்.

பயிற்சி: 9 பெட்டி, 4 பெட்டி 185 வீதம், 5 பெட்டி 175 வீதம். அதே கமிஷன், அதே கூலி. விவசாயிக்கு எவ்வளவு? பைத்தானின் ரவுண்ட் என்ன சொல்லும்? விடை அடுத்த இதழில்.



— 12ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு