டிரெய்லரில் ஃபிரிட்ஜ் குளிரவில்லையா?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகள் பலவற்றில் கம்ப்ரசர் இல்லாத ஃபிரிட்ஜ்தான். கேஸ் சுடரின் சூட்டிலோ கரண்ட் தரும் சூட்டிலோ அம்மோனியா சுழன்று குளிர்விக்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் அந்தச் சுழற்சி நின்றுவிடும். ஆகவே ஸ்க்ரூடிரைவரைத் தேடுமுன், ஃப்ரீசர் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

கரண்டில் குளிர்ந்து, கேஸில் மட்டும் மக்கர் செய்தால் பர்னரில் கோளாறு இருக்கலாம். சிலிண்டரையும் கரண்டையும் அணைத்து, ஆறவிட்டு, வெளிப்பக்க மூடியைத் திறங்கள். துருவும் சிலந்திவலையும் அடைத்திருக்கலாம் (சிலந்திக்கு எங்கெல்லாம் வீடு!). மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஜெட் துளையில் ஊசி மட்டும் வேண்டாம். கேஸைத் திறந்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

கதவு இடுக்கில் டாலர் நோட்டு ஒன்றைச் செருகி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு.

அம்மோனியா நெடி அடித்தாலோ பின்குழாயில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ உடனே அணைத்துவிட்டு வெளியேறி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.