மாணவர் கேட்ட வாக்குச்சீட்டு

அந்தமானுக்கு வடக்கே உள்ள கொக்கோ தீவுகள் பர்மாவை, அதாவது இன்றைய மியான்மரைச் சேர்ந்தவை. அந்நாட்டில் 1988 மார்ச்சில் ரங்கூன் தொழில்நுட்பக் கழக மாணவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆகஸ்டு 8-இல் மாணவர்கள் அழைக்க, மக்கள் வெறுங்கையோடு ஊர்வலம் வந்து பலகட்சி ஆட்சி கேட்டனர். இராணுவம் சுட்டது. 1990-இல் தேர்தல் நடந்தது. ஆங் சான் சூகியின் கட்சி 392 இடங்களில் வென்றும் ஆட்சி கைமாறவில்லை.

நம் தீவுகளிலோ, 1967-க்கு முன் மக்களவை உறுப்பினர் நியமிக்கப்பட்டவரே. அவ்வாண்டுதான் மக்கள் முதன்முதலாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 1989-இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது.

இரயில்வேயில் பணியாற்றிய எனக்குத் தெரியும், வண்டி ஓடாத தண்டவாளம் துருப்பிடிக்கும். வாக்குரிமையும் அப்படியே. அன்பர்களே, வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரை, "ஊரில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாமல், குடியிருக்கும் இடத்திலேயே வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.